எஃப் விசை

பிளசியின் நாவலை அனுப்பச் சொல்லிப் பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. கணினி பழுது பார்க்கும் அவள் கணவன் தேவசகாயம் அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தான். ஆறு வருடமாக அவள் நாவலைத் தட்டச்சு செய்துவந்த பழைய கணினி அந்த வாரம் அடிக்கடி நின்றுபோனது. அவன் ஒரு குறுந்தகட்டைப் போட்டு, அவளையே முன்னால் உட்காரவைத்தான். எல்லாவற்றையும் அழிக்கலாமா என்று நீலத் திரை ஆங்கிலத்தில் கேட்டது. அவளுக்கு ஆங்கிலம் வராது.

“என்ன கேக்குது?”

“சரி பண்ணவான்னு கேக்குது. எஃப்ப அமுக்கு.”

“நாவலுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

“என்மேல நம்பிக்கை இல்லையா?”

அமுக்கினாள். மஞ்சள் பட்டை நிறையும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கணினி வேகமாகத் திறந்தது. அவள் தேடினாள், மறுபடியும் தேடினாள்.

“என் நாவல் எங்கங்க?”

“நீதானே அமுக்குன” என்றான்.