இடுப்புக் கயிறு

எஞ்சின் விசிறியில் சுற்றிய வலையை அறுக்க இவன் தங்கையின் கணவன் படகுக்கு அடியில் போயிருக்கிறான். அவன் இடுப்பில் கட்டிய கயிறு இவன் கையில் இருக்கிறது. இறங்குகிறவன் எஞ்சின் சாவியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் இறங்குவான். மேலே நிற்பது கூடப்பிறந்தவனே ஆனாலும் நம்பக் கூடாது என்பது இந்தத் தொழிலின் வழக்கம். "கயித்தப் பிடிச்சுக்கிட்டே தூங்கிடாதீங்க மச்சான், உங்க தங்கச்சிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்று சிரித்தபடியே மூழ்கினான். வெயில் தண்ணீரில் தகரமாய் மின்னுகிறது. பத்துப் பாகம், அறுபது அடி தள்ளி ஒரு கரிய முதுகு எழுகிறது. படகைவிட நீளம். அதன் மூச்சு அழுகல் வாடையோடு தளத்தில் தூறலாக விழுகிறது. அருகே சின்னதாக இன்னொரு முதுகு. "குட்டி போட்ட திமிங்கலம்டா! எஞ்சினைப் போட்டு விலகுய்யா!" என்று சமையல்காரர் கத்துகிறார். "சாவி கீழதானே இருக்கு" என்கிறார் டிரைவர். தாய் படகுக்கு அடியில் நுழைகிறது. படகு ஒரு முறை மெல்ல உயர்ந்து இறங்குகிறது. மறுபக்கம் இரண்டும் எழுந்து, அவசரமில்லாமல் போகின்றன. இவன் கயிற்றை இழுக்கத் தொடங்குகிறான். "கனக்குதா?" என்று டிரைவர் கேட்கிறார். ஒரு கையாலேயே இழுக்க முடிகிறது.