குழாய்க்குக் கீழே ஒரு டம்ளர்

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது, நான் ஒரு காலி டம்ளரைக் கொண்டுபோய் இயந்திரத்தின் பின்பக்கக் குழாய்க்குக் கீழே வைத்தேன்.

கைதட்டல் நின்றது. எங்கள் மேலாளரின் முகம் வெளிறியது.

இயந்திரத்தை வாங்க வந்திருந்தவர் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை மருத்துவர். அவர் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இது எதற்கு என்று கேட்டார்.

"தண்ணி வரணும் டாக்டர். வரலைன்னா இங்க எரியற விளக்கெல்லாம் பொய்."

என் குரல் நடுங்கவில்லை. தோள்தான் வலித்தது. காலையிலிருந்து கைப்பையைக் கழற்றவே இல்லை.

விஷயம் எளிது. மின்சாரம் தயாரிக்கும் எங்கள் இயந்திரத்துக்குள் எதுவும் எரிவதில்லை. ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவில் வெங்காயத் தோல் மாதிரி ஒரு சவ்வு. ஹைட்ரஜனின் எலக்ட்ரானை அந்தச் சவ்வு உள்ளே விடாது. அது கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் அந்தப் பக்கம் போயாக வேண்டும். அந்தச் சுற்றுதான் மின்சாரம். போய்ச் சேர்ந்ததும், சவ்வு வழியே வந்த மீதி ஹைட்ரஜனும் அதுவும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு கூடித் தண்ணீராகிவிடும்.

மின்சாரம் உண்டென்றால் தண்ணீரும் உண்டு. இதில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

இது ஒரு செல். இப்படி நாற்பது செல் அடுக்கியிருக்கிறோம். ஒன்று மக்கர் செய்தாலும் மொத்தமும் படுத்துவிடும்.

நேற்று ஒத்திகையில் படுத்துவிட்டது. பதினேழாவது செல்லின் சவ்வு காய்ந்துபோயிருந்தது. ஈரம் கொடுத்தால் சரியாகிவிடும், மூன்று மணி நேரம் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

மேலாளருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'எதுக்கு வம்பு'. அதையேதான் சொன்னார். மேசைக்கு அடியில் ஒரு பேட்டரியை வைத்து விளக்குகளை அதில் இணைத்தார். தரைவரை துணியைத் தொங்கவிட்டார். நாளைக்கு அரை மணி நேரம் விளக்கு எரிந்தால் போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அப்புறம் என்றால் எப்போது? குறைமாதக் குழந்தைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் அறையில் கரண்ட் போன பிறகா?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு மாதம் என் கையால் அடுக்கிய செல்கள். அவர் ஒரு நாள்கூட அவற்றை நம்பியதில்லை. என்னையும்தான்.

டம்ளர் காய்ந்தே கிடந்தது.

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. மேலாளர் என் காதருகே வந்து, எடுத்துத் தொலை என்று பல்லைக் கடித்தார். நான் அசையவில்லை. மருத்துவரும் அசையவில்லை.

மூன்றாவது நிமிடம் மேலாளரால் தாங்க முடியவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோங்க டாக்டர். அதுல தண்ணி வராது. எல்லாம் பேட்டரியில ஓடுது."

எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

டொக்.

எல்லோரும் டம்ளரைப் பார்த்தோம். அடியில் ஒரு சொட்டு. அதன்மேல் இன்னொன்று விழுந்தது.

மேலாளர் பாய்ந்துபோய் மேசைத் துணியைத் தூக்கினார். அடியில் ஒன்றுமில்லை.

நான் கைப்பையைக் கழற்றி மேசைமேல் வைத்து, ஜிப்பைத் திறந்தேன். அவருடைய பேட்டரி உள்ளே பத்திரமாக இருந்தது.

காலை ஐந்து மணிக்கே வந்து அதைக் கழற்றி, விளக்குகளை இயந்திரத்தில் இணைத்துவிட்டேன். பதினேழாவது சவ்வு ஈரமாகிச் சரியாவதற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.