பதினோராவது சனிக்கிழமை

"ஐயா, இன்னிக்காவது முடிச்சிடுவீங்களா?"

குறிப்பேட்டைத் திறக்கும்போதே சபைச் செயலாளர் அம்மாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வராமல் என்ன செய்யும்? இது பதினோராவது சனிக்கிழமை.

புயலில் பக்கத்துத் தெருச் சபையின் கூரை போய்விட்டது. நாற்பது குடும்பங்கள். ஆராதனைக்கு இந்தச் சபையின் கூடத்தைக் கேட்டார்கள். கமிட்டி சும்மா கொடுத்துவிடுமா?

"அவங்க முழுக்கு ஞானஸ்நானம், நாம தெளிப்பு. விசுவாசத்துல எதெல்லாம் அவசியம்னு ரெண்டு போதகரும் முதல்ல பேசி முடிக்கட்டும்" என்றது.

பேசினார்கள். ஞானஸ்நானத்துக்கு மட்டும் நாலு வாரம். அந்நிய பாஷையில் ஜெபிப்பதற்கு மூன்று. திருவிருந்துக்கு மூன்று. இன்றைக்குப் பூமியில் கிறிஸ்துவின் ஆயிர வருட அரசாட்சி.

"அது கிறிஸ்து திரும்பி வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா? இது தெரியாம எப்படிய்யா ஒண்ணா ஜெபிக்கிறது?" இந்தச் சபையின் பெரிய போதகர் மேசையைத் தட்டினார்.

"வசனத்தைக் காட்டுங்க ஐயா!" கூரையிழந்த சபையின் பாஸ்டரும் விடவில்லை.

எழுதி எழுதி இவள் மணிக்கட்டு விட்டுப்போனது. ஐந்து மணிக்கு பாஸ்டர் வாடிய முகத்தோடு கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் இவள் வெடித்துவிட்டாள்.

"உங்க பிடிவாதத்துக்கு ஒரு அளவே இல்லையா ஐயா? போன வாரம் அவரே இறங்கி வந்தார். 'கிறிஸ்து ஒருத்தர் போதும், மத்ததெல்லாம் அப்புறம்'னு சொன்னார். நீங்கதான் விடல!"

"அவர் சொன்னதுதான்மா சரி. என் விசுவாசமும் அதேதான்."

இவளுக்குத் தலை சுற்றியது. "அப்போ ஒத்துப்போச்சுன்னு எழுதிக் கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே?"

"கமிட்டி ஏத்துக்குமா?"

யோசிக்கவே வேண்டியதில்லை. "செத்தாலும் ஏத்துக்காது. சரி, ஒத்துவரலன்னாவது எழுதுங்க. பாவம், அந்த நாற்பது குடும்பமும் எத்தனை நாள் அந்தரத்துல தொங்கும்?"

"முதல் கூட்டத்துல கமிட்டி போட்ட தீர்மானத்தை வாசி. நீ எழுதினதுதான்."

முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினாள். "'பேச்சு முடியும்வரை அந்தச் சபையார் நம் கூடத்தில் ஆராதனை நடத்தலாம். உடன்பாடு இல்லையென்றால் மறுநாளே காலி செய்ய வேண்டும்...'"

குரல் தானாக இறங்கிவிட்டது.

போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூரை முடிய இன்னும் ரெண்டு மாசம் ஆகும்னு கொத்தனார் சொல்றார்மா."

திட்டியதையெல்லாம் நினைக்க இவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு பேனாவைத் திறந்து, அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தின் குறிப்பை இன்றே எழுதி வைத்தாள்:

'பொருள்: தேவதூதர்கள். பேச்சு முடியவில்லை.'