தொல்லை தாங்கலைங்க

"இந்தத் தொல்லை தாங்கலைங்க. நான் எங்க போனாலும் பின்னாலயே வருது. என்ன பார்க்கிறேன், எதைத் தேடுறேன்னு மோப்பம் பிடிச்சுக்கிட்டே இருக்கு."

மனைவி இப்படிச் சொன்னதும் கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "எவன்டி அவன்? ஆளைக் காட்டு, முட்டியைப் பேத்துடறேன்!"

அவள் ஆளைக் காட்டவில்லை. அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே, கூடத்து மூலையில் இருந்த கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்தாள். திரையில் ஒரு வாஷிங் மெஷின் தானாகக் குலுங்கிக்கொண்டிருந்தது. அவர் போய் அதை மூடினார். உடனே அதன் தம்பி ஒன்று முளைத்தது.

"ஓ, விளம்பரமா!" என்றார். யாரும் சொல்லாமலே எதையும் விளங்கிக்கொள்வதில் மனிதர் கெட்டிக்காரர்.

கடை, குடோன், பள்ளிக்கூடம் என்று ஊரெல்லாம் கண்காணிப்பு கேமரா மாட்டுவது அவர் தொழில். சொந்த வீட்டில் மட்டும் கேமரா கிடையாது. அவரே இருக்கும்போது அது எதற்கு?

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவள். ஊசி குத்தியதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள் என்று பெயர். மறுபடி அந்த வேலைக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அதற்காக இரண்டு முறை இதே கம்ப்யூட்டரில் வேலை தேடினாள்.

இரண்டு முறையும் அன்று மாலையே, பெண்கள் வேலைக்குப் போனதால் கெட்டுப்போன குடும்பங்களைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தார். தற்செயலாகத்தான். இரண்டாவது முறை அவள் விண்ணப்பித்திருந்த லேபுக்கே போன் போட்டு, "அவங்களுக்கு இதுல விருப்பம் இல்லைங்க" என்று சொல்லி முடித்தும் விட்டார். எந்த லேப் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுததோடு சரி.

"கவலையை விடு. நல்ல பிரவுசரா நானே பார்த்துப் போடறேன்" என்றார் இப்போது.

பெண்டாட்டியை எந்த இன்டர்வியூவுக்கும் விடாதவர், ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிரவுசர்களுக்கு இன்டர்வியூ நடத்தினார். முதலாவது, வந்ததும் வராததுமாக நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டது. "அதைக் கேக்க நீ யாருடா?" என்று அதை வெளியே அனுப்பினார். இரண்டாவது, விளம்பரத்தைத் தடுப்பேன் என்று தன்னைப் பற்றியே நாலு விளம்பரம் போட்டது. மூன்றாவதுதான் கொஞ்சம் அடக்கமாக இருந்தது.

அதன் முதல் பக்கத்தை உரக்கப் படித்தார். "'உங்களை மதிக்கிறோம். விளம்பரங்களைத் தடுக்கிறோம். நீங்கள் பார்ப்பதை நாங்கள் எட்டிப் பார்ப்பதில்லை.' கேட்டியா? இதுதான் மரியாதை! அடுத்தவங்க என்ன பார்க்கிறாங்கன்னு எட்டிப் பார்க்கிறவன் எல்லாம் ஒரு மனுஷனா?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் மனைவி. பிறகு திரையைத் தொட்டுக் காட்டினாள். "இது என்ன கட்டம்ங்க? மூடும்போது பார்த்ததை எல்லாம் அழிச்சிடவான்னு கேக்குது."

பேச்சு வேகத்தில் இருந்தவர் யோசிக்கவே இல்லை. "பின்னே? அழிக்கணும்! ஒருத்தனுக்கும் ஒரு துப்பும் கிடைக்கக் கூடாது!" என்று டிக் போட்டார். பழைய பிரவுசரையும் தன் கையாலேயே நீக்கினார்.

அடுத்த இரண்டு வாரம் வாஷிங் மெஷினும் வரவில்லை, அதன் தம்பியும் வரவில்லை. அவர் முகம்தான் ஏனோ வாடிக் கிடந்தது. "பழைய பிரவுசரே பரவாயில்லையோ?" என்று ஒரு நாள் மெதுவாக இழுத்துப் பார்த்தார்.

"ஐயோ, அது வேவு பார்க்குமேங்க!" என்றாள்.

ஒரு நாள் காலையில் அந்தக் கட்டத்தில் டிக் காணாமல் போயிருந்தது. மாலையில் அவர் வீடு திரும்பியபோது டிக்கும் திரும்பியிருந்தது.

மூன்றாவது திங்கட்கிழமை காலை, அவர் பல் துலக்கிக்கொண்டே கூடத்துக்கு வந்தபோது அவள் ஒரு வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"வேலைக்குங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல புது லேப். போன வாரமே இன்டர்வியூ முடிஞ்சிடுச்சு, இன்னிக்குச் சேரச் சொல்லியிருக்காங்க."

வாய் நிறைய நுரையோடு அவர் குழறினார். "எப்ப தேடினே? எப்ப அப்ளை பண்ணினே? தினமும் நீ குளிக்கப் போறப்பல்லாம் ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தேனே, ஒண்ணுமே இல்லாம காலியாத்தானே..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கூடவே பிரஷ்ஷையும்.

அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று செருப்பை மாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவர் பார்த்ததில்லை. அவ்வளவும் பார்த்தவர், இதை மட்டும் பார்த்ததில்லை.

"விளம்பரத் தொல்லை தாங்கலைன்னு சொன்னியேன்னுதானடி நான் பிரவுசரையே மாத்தினேன்!" என்றார் பரிதாபமாக.

அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"தொல்லைன்னுதாங்க சொன்னேன். விளம்பரம்னு நான் சொல்லவே இல்லையே!"