வண்டிக்குள் இருப்பவள்

“அந்தப் பொம்பளை வாயை மூடுற வரைக்கும் என் பிள்ளைங்க உன் வண்டியில ஏறாது. சொல்லிட்டேன்!”

செஃபினா வேனின் கதவை அறைந்து சாத்திவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். அவள் புருஷன் மலாக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீ மட்டும் ஏறலாமா?”

“என் தம்பியைக் கூட்டிட்டு வர நான் வராம வேற யாரு வருவா? பேசாம வண்டியை எடு.”

பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினான். வண்டி ஒரு அடிகூட நகரவில்லை, அதற்குள் அந்தப் பொம்பளை ஆரம்பித்துவிட்டாள். ‘டிங்’ என்று ஒரு மணி. பிறகு தேன் சொட்டும் குரலில், ஜப்பான் பாஷையில், ஒரே ஒரு வாக்கியம்.

ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த பழைய வேன் அது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒட்டியிருந்த கறுப்புப் பெட்டிக்குள்தான் அவள் குடியிருந்தாள். பெட்டிக்கு உண்டியல் மாதிரி மெல்லிசாய் ஒரு வாய். சின்ன மகள் அதில் பிஸ்கட் தாளைச் செருகி வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் பதினோரு பேரை மலைச்சாலை வழியாகத் தீவின் தலைநகர் ஆப்பியாவுக்குக் கொண்டுபோய் விடத்தான் அவன் இந்த வேனையே வாங்கினான். அதில் இரண்டு அவன் பெற்றவை. செஃபினாவோ ஊரிலுள்ள அம்மாமார்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டாள், வண்டியே தன் வாயால் கோளாறு என்கிறது, நம்பி ஏற்றாதீர்கள் என்று.

அவன் என்ன சும்மாவா இருந்தான்? முதல் தடவை மெக்கானிக் ஏலியாவிடம் போனபோதே, “ஜப்பான்காரன் வண்டி காரணமில்லாம பேசாது மலாக்கி” என்று அவர் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேட் காகிதம் மாதிரி தேய்ந்துபோயிருந்தது. புதுசு போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால், அதே டிங், அதே வாக்கியம்.

இரண்டாம் தடவை பார்த்ததில் பின் டயர் மொட்டையாகிக் கம்பி தெரிந்தது. மூன்றாம் தடவை, பிரேக் ஆயில் போகிற குழாயில் வெடிப்பு. எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. அவள் மட்டும் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

“இனிமே மாத்தறதுக்கு டிரைவர்தான்யா பாக்கி” என்று ஏலியா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“ஒயரை அறுத்து விட்டா ஒரே நிமிஷத்துல தீந்துடும்” என்று இப்போது மலாக்கி முணுமுணுத்தான். “நானும் மனுஷன்தானே? எத்தனை நாளுதான் இவகிட்ட திட்டு வாங்குறது?”

“அறுப்பே, ஏன் அறுக்க மாட்டே! மூணு தடவை சொன்னா, மூணு தடவையும் நெசமாத்தானே இருந்தது? இன்னும் எதுவோ கெட்டிருக்கு. ஃபெத்து வந்து கேட்டுச் சொல்லட்டும்.”

அவள் தம்பி ஃபெத்து ஆறு வருஷம் ஜப்பானில் ரக்பி ஆடியவன். இன்றைக்குத்தான் ஊர் திரும்புகிறான்.

விமான நிலைய வாசலில் காவலாளி ஒரு நிமிஷம்கூட நிற்க விடவில்லை. எஞ்சினை அணைக்காமலே பெட்டிகளை ஏற்றினார்கள். கழுத்து நிறைய மாலையோடு ஃபெத்து பின் சீட்டில் விழுந்தான்.

“தம்பி, இந்த வண்டி என்னமோ பேசுதுடா...”

“வீட்டுக்குப் போய்க் கேக்கிறேன்க்கா. மூணு பிளேன் மாறி வந்திருக்கேன்.” அடுத்த நிமிஷம் குறட்டை.

மலைச்சாலை இறக்கம். மூன்றாவது வளைவு திரும்பியதும் புதருக்குள்ளிருந்து ஒரு பன்றி குறுக்கே பாய்ந்தது. அதைத் துரத்திக்கொண்டு, கையில் குச்சியோடு, ஐந்து வயசுப் பெண் குழந்தை ஒன்று.

“கடவுளே!” என்று செஃபினா அலறினாள். மலாக்கி பிரேக்கை அழுத்தி மிதித்தான்.

வேன் குலுங்கி நின்றது. எஞ்சினும் அணைந்துபோனது. குழந்தைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அது இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பன்றியின் பின்னாலேயே ஓடி மறைந்தது.

மலாக்கி பிரேக்கிலிருந்து காலை எடுக்கவேயில்லை. அந்தப் பழைய பிரேக்காக இருந்திருந்தால்? அதற்கு மேல் அவனால் நினைக்க முடியவில்லை.

செஃபினா அழுதுகொண்டே குனிந்து அந்தக் கறுப்புப் பெட்டியைத் தடவினாள். “மகராசி, நீ நல்லா இருக்கணும்! நீ சொல்லலைன்னா இந்த மனுஷன் பிரேக்கைத் திரும்பியாவது பாத்திருப்பாரா?”

இந்தத் தடவை மலாக்கிக்குக் கோபம் வரவில்லை. “இனிமே இவ என்ன சொன்னாலும் கேக்கிறேன்” என்றான். சாவியைத் திருப்பினான்.

டிங். அதே தேன் குரல். அதே வாக்கியம்.

பின்னால், தூக்கம் கலைந்த ஃபெத்து விழித்துப் பார்த்தான்.

“கேட்டியாடா?” செஃபினா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “சொல்லுடா தம்பி, இன்னும் என்ன கெட்டிருக்காம்?”

ஃபெத்து எட்டி, பெட்டியின் வாயிலிருந்து பிஸ்கட் தாளை மெல்ல உருவினான்.

“ஒண்ணும் கெடலைக்கா. டோல்கேட் கார்டைச் சொருகலைங்கிறா... நம்ம தீவுல ஏதுக்கா டோல்கேட்டு?”