ஒரே ஒரு மஞ்சள் கோட்டு

ஸ்வீடனின் கோதன்பர்க் துறைமுகத்தில், கொலை மர்மத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் முதல் காட்சிப் படப்பிடிப்பு. மழையில் நடந்து வரும் பெண் தண்ணீரில் விழ வேண்டும். இயக்குநர் டோர்கெலுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது.

“கறுப்புக் கோட்டு கேட்டா மஞ்சளைத் தூக்கிட்டு வந்து நிக்கிறியே, குன்வோர்!”

“கேமராவுல பளிச்சுன்னு தெரியும்ல,” என்றாள் உடைகளைக் கவனிக்கும் குன்வோர்.

“நடந்தா சரசரங்குது. மைக்ல இதுதான் கேக்குது,” என்று முனகினார் ஒலிப்பதிவாளர்.

“கேக்கட்டும்,” என்றாள் குன்வோர்.

“சரி, மத்த ரெண்டு எங்க?” என்றார் டோர்கெல். “இது நனைஞ்சா அடுத்த டேக்குக்கு என்ன பண்றது? எதையும் மூணு மூணா வாங்குற ஆளாச்சே நீ!”

“இது ஒண்ணுதான். ஒரே டேக்ல எடுத்துடு. இடது கையில ஒரு தையல் இருக்கு, அது க்ளோசப்ல வரணும்.”

“தையலை எவன் பாக்கப்போறான்?”

“நாடே பாக்கும். அன்னைக்கு அவளைப் பாத்த யாருக்காவது ஞாபகம் வரலாம்.”

டோர்கெலின் குரல் இறங்கியது. “காணாமப் போன உன் பொண்ணோடதா?”

“நேத்து போலீஸ் கேஸை மூடிட்டு, பையில போட்டு வச்சிருந்த இதைத் திருப்பிக் குடுத்தாங்க. கரையில இது மட்டும்தான் கெடச்சுது.”

குன்வோர் கோட்டை முகத்தில் ஒரு கணம் அழுத்திவிட்டு அவரிடம் நீட்டினாள்.

“இன்னும் அவ வாசனை இருக்கு, டோர்கெல். ஒரு தடவைதான் நனைக்க முடியும்.”