புத்தகத்தில் இல்லாத பறவை

டவுனில் எங்கள் மண்டி மொஹல்லா வீட்டில், மாப்பிள்ளை ஹேமந்த், எங்கள் சொந்த ஊர்ப்பக்கம் கோபிநத்தம் காட்டில் எடுத்த பறவைப் போட்டோக்களைக் கட்டில்மேல் பரப்பி, புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கிறார். ஜன்னலில் மழை மூட்டத்து வெளிச்சம். சாம்பல் நிறப் பறவை ஒன்று மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. “இது என்ன பக்ஷி மாமா?” “எனக்கென்ன தெரியும் மாப்ள. காசு குடுத்து வாங்குன பொஸ்தகத்துக்கே தெரியல.” எங்கள் பக்கம் பேர் தெரியாத பறவை கூவினால் யாரும் எதிர்க்குரல் கொடுப்பதில்லை. கொடுத்தவரை அது கூட்டிப்போய்விடும். பக்கவாதம் வந்த நாள் முதல் பேச்சில்லாமல் அதே கட்டிலில் கிடக்கும் என் பெண்டாட்டி மாதம்மா அந்தப் போட்டோவையே பார்க்கிறாள். வெளியே வேப்பமரத்தில், இந்தத் தெருவில் நான் கேட்டே இராத ஒரு நீண்ட சீழ்க்கை. மாதம்மாவின் உதடு குவிகிறது. அதே சீழ்க்கை. “அத்தைக்குக் குரல் வந்துடுச்சு மாமா,” என்று மாப்பிள்ளை சிரிக்கிறார். நான் அவள் வாயைப் பொத்துகிறேன். என் உள்ளங்கையில் அவள் இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறாள்.